வெள்ளிக்கிழமை ஒரு மணி

மூன்று முறை சர்வர் விழுந்திருந்தது. மூன்று முறையும் கமலநாதன் அந்த அறைக்குள் போன சில நிமிடங்களில் விழுந்திருந்தது.

மேலாளர் சபீதா அக்கா ஒரு தாளை என் பக்கமாகத் தள்ளினார். சர்வர் அறைக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். யார் எப்போது உள்ளே போனார்கள் என்பது பதிவாகும். அந்த நேரங்களையும் சர்வர் விழுந்த நேரங்களையும் அவர் தன் கையால் எதிரெதிரே எழுதி வைத்திருந்தார். ஜனவரி இருபத்து நான்கு, 1.11க்கு உள்ளே, 1.20க்கு விழுந்தது. பிப்ரவரி ஏழு, 1.06, 1.15. பிப்ரவரி பதினான்கு, 1.12, 1.19.

"எல்லாம் வெள்ளிக்கிழம. எல்லாம் ஒரு மணிக்கு மேல," என்றார். "நம்ம ஆம்பளைங்க எல்லாம் தொழுகைக்கு மஸ்ஜிட் போயிருவாங்க. மத்தவங்க சாப்பாடு, மக்கான்னு போயிருவாங்க. ஆபீஸ்ல யாரு மிச்சம்? அவரு ஒருத்தருதான்."

"ஏன் செய்யணும்கா?"

"மே மாசம் இந்த வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுக்கலாம்னு மேல பேசிக்கிறாங்க. அவரு காதுக்குப் போயிருக்கும். விழும், பத்து நிமிசத்துல எழுப்பிருவாரு. ஹீரோ மாதிரி. நான் இல்லாட்டி என்ன ஆகும் பாருங்கன்னு காட்டுறாரோ என்னவோ லா."

மேசை இழுப்பறையை லேசாகத் திறந்து ஓர் உறையைக் காட்டினார். வேலை நீக்கக் கடிதம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நான் அறிக்கை தர வேண்டும். அறிக்கை அவரைக் காட்டினால் திங்கட்கிழமை உறை கைமாறும்.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குள் எழுந்தது வருத்தம் என்று நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தமும் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கணம், மிகச் சிறிய கணம், திருப்தி இருந்தது.

ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் ஏழு வருடம் வேலை செய்தவள். ரெங்கம், ஆயர் ஈத்தாம், பண்டார் தெங்காரா பக்கத்துக் கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தம் வேனில் அங்கே வரும். இயந்திரங்கள் சோதித்து முடிவுகளை சர்வருக்கு அனுப்பும். டாக்டர்கள் தங்கள் அறையில் உட்கார்ந்தே பார்ப்பார்கள். அந்த முடிவுகள் தங்கும் தரவுத்தளத்தை அமைத்தவள் நான். கமலநாதன் எனக்கு ஏழு வயது மூத்தவர். ரெங்கத்துத் தோட்டத்தில் வயரிங் வேலை பார்த்து, பிறகு கூடத்துக்கு வந்து, கணினியைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். நான் பட்டத்தோடு வந்ததால் அவருக்கு மேலே வைக்கப்பட்டேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேசாததுதான் எனக்கு உறுத்தும்.

2022இல் சிங்கப்பூரில் வேலை கிடைத்து நான் விலகியபோது, கேக் வெட்டும் இடத்தில் அவர் சொன்னார்: "போங்க போங்க யோகேஸ். நாங்க பாத்துக்கிறோம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அந்த சர்வர் ஒருமுறைகூட விழவில்லை. யாரும் எனக்கு ஒரு சந்தேகம் கேட்டுக்கூட போன் செய்யவில்லை. சிங்கப்பூர் கம்பெனி ஆட்களைக் குறைத்து என்னையும் அனுப்பிய பிறகு, வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில், அந்த 'நாங்க பாத்துக்கிறோம்' என் காதில் பல தொனிகளில் ஒலித்திருக்கிறது.

இப்போது, சர்வர் ஏன் விழுகிறது என்று பார்த்துச் சொல்ல, அவர்கள் என்னை அழைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை நான் சர்வர் அறைக்குள் போனபோது கமலநாதன் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். தைப்பூசத்துக்கு எடுத்த மொட்டையில் முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம். சிங்கப்பூர் காத்து ஒத்துக்கலயா?"

"ஒத்துக்கிச்சுண்ணே. காத்துக்குத்தான் என்னை ஒத்துக்கல."

அவர் சிரித்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண்ணும் சிரித்ததா என்று பார்த்தேன். எனக்கு அது பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் தாமதமாக வந்தால், காரணம் கேட்பதற்கு முன்பே என் மனம் மூன்று காரணங்களைத் தயாரித்து அவற்றில் எதைச் சொல்வார் என்று காத்திருக்கும். இந்தத் தொழிலுக்கு அந்தக் குணம் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்கண்ணே?"

"ஸ்லோ ஆகுது. நான் போய்ப் பாக்குறேன். பாத்துக்கிட்டு இருக்கும்போதே செத்துருது. கடைக்காரன் வந்து ரேம் மாத்திட்டுப் போனான். அதுக்கப்புறமும் விழுந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் தொட்டா மட்டும் விழுதுன்னு மேல பேச்சு போல. எனக்கே அப்படித்தான் தோணுது, என்ன செய்ய."

குற்றம் செய்தவன் இப்படி முந்திக்கொண்டு சொல்வான் என்று நினைத்தேன்.

அவர் கோப்பி வாங்கப் போன நேரத்தில் பதிவுகளைத் திறந்தேன். தரவுத்தளம் எழுதி வைக்கும் பதிவில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி தொடங்கியது. தூக்கத்தில் செத்தவர் மாதிரி, ஏன் என்று சொல்லாமல். ஆனால் கீழே உருட்டியபோது இன்னொரு நாள் கிடைத்தது. ஜனவரி பத்து, வெள்ளிக்கிழமை, 1.17. அன்றும் விழுந்திருக்கிறது. எட்டே நிமிடத்தில் எழுப்பப்பட்டிருக்கிறது. மேசையில் இருந்த நீல அட்டைச் சம்பவப் புத்தகத்தைப் புரட்டினேன். விளக்கு மாற்றியதையும் எலி ஒயரைக் கடித்ததையும்கூட கமலநாதன் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். ஜனவரி பத்தில் ஒன்றும் இல்லை.

மறைத்திருக்கிறார்.

அடுத்து கணினியின் பொதுப் பதிவைத் திறந்தேன். தரவுத்தளத்தைக் கொன்றது எது என்று அதில்தான் இருக்க வேண்டும். அது சனிக்கிழமை இரவு பதினொரு மணியிலிருந்து தொடங்கியது. வெள்ளிக்கிழமை இல்லை. வெள்ளிக்கு முந்தைய எந்த நாளும் இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். துடைத்தவர் நிர்வாகிக் கணக்கில் உள்ளே வந்திருந்தார். அந்தக் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கமலநாதன். இன்னொருவர் நான்.

கோப்பியோடு அவர் வந்தபோது நான் திரையை மாற்றிவிட்டிருந்தேன்.

"சீனி கம்மி, பால் இல்ல. மறக்கல பாருங்க," என்றார்.

குடித்தேன். சூடாக இருந்தது. ஜனவரி பத்தைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும். ஆனால் கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவார் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவர்களுக்குக் கேள்வி கேட்கும் பொறுமை இருப்பதில்லை, ஒளிந்து பார்க்கும் பொறுமைதான் இருக்கிறது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சர்வர் நன்றாக ஓடியது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதைத் தட்டுகிறார், யாரிடம் போனில் பேசுகிறார், பேசும்போது ஏன் வெளியே போகிறார். புதன்கிழமை அவர் போனில் தாழ்ந்த குரலில், "இன்னும் தெரியல, அவங்க இங்கதான் இருக்காங்க" என்று சொன்னது கேட்டது. அன்று முழுக்க அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை சபீதா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்த நாள், துடைத்த பதிவு, கணக்கு.

"நாளைக்கு அவர பண்டார் தெங்காராவுக்கு அனுப்பிர்றேன்," என்றார் அவர். "அங்க பிரிண்டர் மக்கர் பண்ணுது. காலையில போனா சாயங்காலந்தான் வருவாரு. அவரு இல்லாம விழுதா பாப்போம்."

நல்ல சோதனை என்று நானும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் மகள் வழக்கம்போல எழ மறுத்தாள். ஜனவரியிலிருந்து ஜோகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பத்து வருடத்துக்கு மேலாக வெள்ளியும் சனியும் லீவு என்று வளர்ந்தவளுக்கு அது இன்னும் உடம்பில் ஏறவில்லை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமம்மா" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். "அதனாலதான் ஸ்கூல்" என்று இழுத்து எழுப்பிவிட்டு வந்தேன். அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்தே வந்தன. அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பன்னிரண்டரைக்கு ஆண்கள் சொங்கோக் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். கூடத்தில் இயந்திரங்களோடு இருந்தவள் பரிசோதகர் லோஷினி மட்டும். நான் சர்வர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். குளிர்சாதனம் இரைந்தது. 12.58. 12.59.

ஒரு மணிக்கு நினைவகத்தின் கோடு எழுந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கோடு படியேறுவதுபோல் ஏறிக்கொண்டே போனது. நாற்பது சதவீதம், ஐம்பது, எழுபது. யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நிர்வாகிக் கணக்கு. சரியாக ஒரு மணிக்கு நுழைந்திருந்தது.

பண்டார் தெங்காராவில் உட்கார்ந்துகொண்டே உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்தேன். கெட்டிக்காரர்தான். அவரைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் முகவரியைப் பார்த்தேன். அது வெளி முகவரி இல்லை. இந்தக் கட்டடத்துக்குள்ளேயே உள்ள ஒரு கணினியின் முகவரி.

கட்டடத்தில் இருந்தது நானும் லோஷினியும்.

கோடு எழுபத்தெட்டில் நின்றது. 1.22க்கு இறங்கியது. சர்வர் விழவில்லை. நான் எழுந்து கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். லோஷினி நாற்காலியில் சாய்ந்து, வேலையில்லாமல் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். அவளுக்கும் கமலநாதனுக்கும் என்ன என்று என் மனம் உடனே ஒரு கதையைத் தொடங்கியது. அதை நான் நிறுத்தவில்லை.

சபீதா அக்கா இரண்டு மணிக்கு வந்தார். "விழலல்ல?"

"விழல."

"அவரு இல்ல, விழல. இதுக்கு மேல என்ன வேணும் யோகேஸ்? எழுதிக் குடுத்துரு."

கோட்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அது என் அறிக்கைக்குப் பொருந்தவில்லை. அறிக்கையின் முதல் பத்தியை எழுதியும் விட்டேன். நன்றாக வந்திருந்தது.

இரண்டே முக்காலுக்கு வேன் வந்தது. ஓட்டுநர் சயீத் ரத்தப் பெட்டிகளை இறக்கினார். லோஷினி ஓடிப்போய் வாங்கினாள். நானும் பின்னால் போனேன், அவளைக் கவனிக்க.

"சயீத் பாய், பசிக்குது. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ரத்தத்தையே குடிச்சிருப்பேன்," என்றாள்.

"ஆயர் ஈத்தாம்ல ஜும்மா முடிச்சிட்டுத்தான் கிளம்புனேன். என்னிக்குத்தான் சீக்கிரம் வந்தேன்? அய்யாவு வேன் எடுத்துட்டு வர்ற அன்னிக்கு மக்கான் போக நேரமில்லன்னு அழுவுற. நான் வந்தா பசிக்குதுன்னு அழுவுற."

"அய்யாவு அங்கிள் பன்னெண்டே முக்காலுக்கே டான்னு வந்து நின்னுருவாரு. ஒரு மணிக்கு எல்லா மெஷினும் ஒண்ணா ஓடும். உடனே ஸ்லோ ஆயிரும். நான் கமல் அங்கிளுக்குப் போன் அடிச்சிக்கிட்டே இருக்கணும்."

நான் நின்றுவிட்டேன். "நீ போன் பண்ணித்தான் அவரு உள்ள போனாரா?"

"பின்ன? அவரு பாவம், வாயில சோத்தோட ஓடுவாரு. தைப்பூசத்துக்கு முன்னாடி விரதம்கிறதால அந்த சோறும் இல்ல."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாருக்கா கேட்டா?"

போனைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். பிப்ரவரி பதினான்கு, 1.10. பிப்ரவரி ஏழு, 1.04. ஜனவரி இருபத்து நான்கு, 1.09. ஜனவரி பத்துகூட இருந்தது, 1.07. அவர் உள்ளே போனதால் சர்வர் விழவில்லை. சர்வர் விழப்போவதால் அவர் உள்ளே போயிருக்கிறார்.

"அந்த நாலு வெள்ளியும் வேன் ஓட்டுனது யாரு?"

சயீத் விரல்விட்டு எண்ணினார். "பத்தாந் தேதி அய்யாவு. இருவத்து நாலும் அவன்தான். ஏழாந் தேதியும் அவன். பதினாலு என்னோடது, ஆனா மச்சான் கல்யாணம், மாத்திக்கிட்டோம். ஏன், அய்யாவு என்ன பண்ணான்?"

அய்யாவு எதுவும் செய்யவில்லை. தொழுகைக்கு நிற்க வேண்டியதில்லாததால் நேராக வண்டியை ஓட்டி வந்திருக்கிறார், அவ்வளவுதான். சயீத் வரும் வெள்ளிகளில் ஒரு மணிக்கு இயந்திரங்கள் சும்மா இருக்கும். அய்யாவு வரும் வெள்ளிகளில் எல்லாம் ஒன்றாக ஓடும். அதே ஒரு மணிக்கு வேறு யாரோ வந்து நினைவகத்தின் பெரும்பகுதியைத் தின்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் இடம் போதாது. இடம் தீர்ந்தால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, உள்ளே ஓடுவதில் மிகப் பெரியதைக் கொன்றுவிடும். தரவுத்தளம்தான் மிகப் பெரியது.

அந்த யாரோ யார் என்பதுதான் மிச்சம்.

முகவரியை வைத்துக்கொண்டு, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்குப் போனேன். பதினேழாவது துளை. அதிலிருந்து ஒரு மஞ்சள் கேபிள் சுவரோடு ஓடி, கதவுக்கு மேலே ஏறி, பக்கத்து ஸ்டோருக்குள் போனது. அங்கே பழைய கோப்புகள், உடைந்த நாற்காலிகள், கிறிஸ்துமஸ் மரம், தீபாவளிக் கோலத்துக்கு வாங்கிய கலர் அரிசி மூட்டை. எல்லாவற்றுக்கும் பின்னால் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய சிறிய கணினிப் பெட்டி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் தூசி இல்லை. யாரோ அடிக்கடி துடைத்திருக்கிறார்கள்.

பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பில் மார்க்கரால் எழுதியிருந்தது: ஜாங்ஙான் ஆஃப். அணைக்காதீர்கள்.

அது என் கையெழுத்து.

நான் அந்த அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

2019. சர்வரில் இடம் போதாமல் திணறிக்கொண்டிருந்த நேரம். இரவிலும் இயந்திரங்கள் ஓடும். பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்த வாரத்தில் ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை ஒரு மணி. கூடத்துக்கு லீவு, கிளினிக்குகளுக்கு லீவு, ஊரே தொழுகையில் இருக்கும். ஜோகூரில் அதைவிட அமைதியான ஒரு மணி நேரம் வாரத்தில் கிடையாது. யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் நினைவகத்தை எடுத்துக்கொள்ள எல்லையும் வைக்கவில்லை. ஞாயிறு புது வாரம் பிறக்கும்முன் பொதுப் பதிவைத் துடைக்க சனி இரவு பதினொரு மணி. தற்காலிகமாக இந்தப் பெட்டியில் போட்டு வைத்தேன், சர்வரில் பிறகு முறையாக எழுதலாம் என்று. அந்த யோசனைக்காக அப்போது என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. பிறகு மறந்துவிட்டேன். வேலையை விட்டபோது கொடுத்த குறிப்புகளில் இந்தப் பெட்டி இல்லை.

ஊர் வெள்ளிக்கிழமையை மாற்றிக்கொண்டது. பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

கமலநாதனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, ஸ்டோர்ல ஒரு பெட்டி இருக்கே, அது என்ன?"

"எது, ஜாங்ஙான் ஆஃப்பா?" அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "நீங்க வச்சதுதானே. என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க ஆஃப் பண்ணாதீங்கன்னு எழுதியிருந்தீங்க, நான் பண்ணல. ரெண்டு தடவ ஃபேன் மாத்திருக்கேன். ஒரு தடவ கிளீனர் பொம்பள பிளக்க புடுங்கிருச்சு, நல்லா ஏசிட்டேன். ஏன், அதுக்கு ஏதும் ஆச்சா?"

"இல்லண்ணே. நல்லா ஓடுது."

"பிரிண்டர் முடிஞ்சிருச்சு. அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்."

போனை வைத்த பிறகு எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அதிகம் இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் நான் நினைத்ததை எழுதத்தான் வேண்டும். பிளக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. இழுத்தால் போதும். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். சர்வர் இனி ஒருபோதும் விழாது. கமலநாதன் போனார், சர்வர் விழுவதும் நின்றது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்லவே தேவையில்லை. அடுத்த வேலைக்கு இங்கிருந்தே எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். இதைவிடச் சுத்தமாக யாரும் யாரையும் ஒழித்திருக்க முடியாது. கையில் ஒரு பிளக் மட்டும்.

நான் ஒரு வாரமாக இந்தக் கட்டடத்தில் தேடிக்கொண்டிருந்த ஆள் இதுதான் என்று அப்போது தெரிந்தது. தடயத்தை அழிக்கிறவள், மறைக்கிறவள், அடுத்தவன் தலையில் போட்டுவிட்டு அமைதியாக இருக்கிறவள். அவளைக் கமலநாதனின் முகத்தில் தேடியிருக்கிறேன். எனக்கு அவளை எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

மணி மூன்றே முக்கால். சபீதா அக்காவின் அறைக்குப் போய், ஸ்டோருக்கு வாருங்கள் என்றேன். டேப்பைக் காட்டினேன். சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரு பாவம்னு சொல்லி அவரக் காப்பாத்தப் பாக்குறியா?"

"இல்லக்கா."

"நேத்து அவருதான்னு சொன்ன. மத்தியானம் விழலன்னு சொன்ன. இப்ப நீதான்னு சொல்ற. நான் எத நம்புறது? ரெண்டு பேரும் பழைய கூட்டாளி. பேசி வச்சிக்கிட்டீங்களோ என்னவோ."

ஒரு வாரமாக நான் கமலநாதனைப் பார்த்த அதே சந்தேகக் கண்கள் அவை. இப்போது அவற்றால் என்னைப் பார்த்தார்.

"காட்டுறேன்," என்றேன். "சயீத் கொண்டுவந்த ரத்தம் இப்ப எல்லா மெஷின்லயும் ஓடுது. அய்யாவு வந்தா ஒரு மணிக்கு எப்படி ஓடுமோ அப்படி. இந்தப் பெட்டியோட வேலைய நான் இப்ப கையால தொடங்குறேன். சர்வர் விழும். கமல் அண்ணன் பண்டார் தெங்காராவுல இருந்து இப்பத்தான் கிளம்பியிருப்பாரு."

"அலமாக். நீயே விழுத்தப் போறியா?"

"பத்து நிமிசம். எந்த முடிவும் அழியாது. மெஷின்லயே இருக்கும், எழுந்ததும் மறுபடி அனுப்பும்."

அவர் யோசித்தார். பிறகு லோஷினியைக் கூப்பிட்டு, அவசர ரத்தம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு இருந்தன. அவற்றின் முடிவு வரும் வரை காத்திருந்து, டாக்டர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, தலையை ஆட்டினார்.

4.04க்குத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் நான் ஒரு சர்வரை வேண்டுமென்றே விழவைத்தது அந்த ஒரு முறைதான். கோடு ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூறு. லோஷினி கூடத்திலிருந்து, "அக்கா, ஸ்லோ ஆயிருச்சு!" என்று கத்தினாள். சபீதா அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். விழாமல் போய்விட்டால் என்ற பயம் எனக்கு வந்தது. விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

4.12க்கு விழுந்தது.

பொதுப் பதிவில், இன்னும் யாரும் துடைக்காத பதிவில், ஒரு வரி புதிதாக வந்திருந்தது. நினைவகம் தீர்ந்தது, தரவுத்தளம் கொல்லப்பட்டது. அதற்கு மேல் வரியில் நினைவகத்தைக் கேட்டவரின் முகவரி. பதினேழாவது துளை.

சபீதா அக்கா தன் அறைக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தமும், தாள் கிழியும் சத்தமும் கேட்டன. ஒரே கிழிப்பு. பிறகு இன்னொன்று.

கமலநாதன் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். நான் ஸ்டோரில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையின் முதல் பத்தியையும் சொன்னேன். அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நான்தான்னு நெனச்சீங்களா?"

"ஆமாண்ணே."

"மொத நாள்ல இருந்தா?"

"மொத நாள்ல இருந்து."

அவர் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அப்போதும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஜனவரி பத்து ஏன் எழுதலண்ணே?"

"பயந்தான். நீங்க இருந்தப்போ விழல. நான் பாத்துக்கிறேன்னு சொன்னதுக்கப்புறம் விழுந்துச்சுன்னு புக்குல வரக்கூடாதுன்னு நெனச்சேன். ஒரு தடவதானே, சரியாப் போயிரும்னு விட்டுட்டேன்." பிறகு சொன்னார்: "புதன்கிழம வீட்டுக்காரி போன் பண்ணா, வேலை இருக்குமா போயிருமான்னு. நீங்க வந்திருக்கீங்க, கண்டுபிடிச்சிருவீங்கன்னு சொன்னேன்."

பெட்டியைப் பார்த்து, "ஆஃப் பண்ணிருங்கண்ணே," என்றேன்.

"நீங்க எழுதினது. நீங்களே பண்ணுங்க."

குனிந்து பிளக்கை இழுத்தேன். அவர் மாற்றிப் போட்ட மின்விசிறி இன்னும் சில சுற்று சுற்றிவிட்டு நின்றது.

அவர் சர்வர் அறைக்குப் போய் நீலப் புத்தகத்தை எடுத்து வந்தார். தேதி போட்டார். 4.12, சர்வர் விழுந்தது என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் புத்தகத்தைத் திருப்பி, பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

எழுதினேன். என் பெயரையும் எழுதினேன். மேலே, ஜனவரி பத்துக்கு இடமில்லாததால், பக்கத்தின் ஓரத்தில் அந்த நாளையும் போட்டு அதற்கும் அதே காரணத்தை எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்காக அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். உடனே போடவில்லை. நான் எழுதியதை ஒரு முறை படித்தார். பிறகு என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.